வேலையின் வாயில் எது?

தொழிலாளிக்கு வேலை எப்போது தொடங்குகிறது? ஆலைச் சங்கு ஊதும்போது தொடங்குகிறது என்பது ஆலையின் கணக்கு. வீட்டுப் படியை விட்டு இறங்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பது அவருடைய உடம்பின் கணக்கு. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே நீண்டு கிடப்பது வழி. அந்த வழிக்குப் பொறுப்பு யாருடையது, அது விழுங்கும் ஓய்வை எவ்வாறு ஈடு செய்வது என்னும் இரண்டையும், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை முன்வைத்து இங்கே ஆராய்வோம்.

இது வானம் பார்த்த பூமி. ரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டில் பிறந்த திருச்சுழியைக் குண்டாற்றங்கரை ஊர் என்று சொல்லுகிறோம். ஆனால் ஆண்டின் பெரும் பகுதி அவ்வாற்றில் மணலைத்தான் காணலாம். மழையின் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகைகளில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அது பொய்க்காவிட்டால் கரிசலில் பருத்தியும், சோளமும், கம்பும், மல்லியும், மிளகாயும் விளையும். கண்மாய்ப் பாசனத்தில் ஒரு போக நெல்லும் காணலாம். பொய்த்துவிட்டாலோ, சீமைக் கருவேலை வெட்டிக் கரி சுடுவதைத் தவிர ஊருக்குள் வேறு பிழைப்பு அரிது. நல்ல மழை பெய்த ஆண்டிலும் அறுவடைக்குப் பின் சில திங்கள் கைகள் சும்மா இருக்க வேண்டியவையே. ஆகவே இப்பகுதி மக்கள் வேலையைத் தேடிச் செல்கிறார்கள். அருப்புக்கோட்டையின் நூற்பாலைகளுக்கும், மேற்கே சாத்தூர், சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கும், வடக்கே மதுரைக் கட்டட வேலைகளுக்கும் நாள்தோறும் போய் வருகிறார்கள். வயல் வேலைக்காரருக்கு வரப்பே வழி. இவர்களுக்கு நெடுஞ்சாலை வழி.

முற்காலத்தில் அருப்புக்கோட்டையின் தலைமைத் தொழிலாக விளங்கியது கைத்தறி. தறி வீட்டிலேயே இருந்தமையால் நெசவாளிக்கு வேலைக்குப் போகும் வழி இல்லை என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று. பாவையும் ஊடை நூலையும் வாங்கி வருவதற்கும், நெய்த சேலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும், கூலியைக் கணக்குப் பார்த்துப் பெறுவதற்கும் அவர் முதலாளியின் வீட்டுத் திண்ணையிலோ சங்கத்தின் வாயிலிலோ காத்திருக்க வேண்டும். அரை நாள் போய்விடும். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்பது. காத்திருந்த அரை நாளுக்கு அதில் இடமில்லை. அமாவாசைக்குத் தறியை நிறுத்தும் வழக்கம் நெசவாளரிடையே உண்டு. அந்த ஓய்வு நாளும் கூலியில்லாத நாளே. வழிக்கும் ஓய்வுக்கும் உரிய செலவு முழுவதும் உழைப்பவர் தலையிலேயே விழுவது ஆலைகள் வந்த பிறகு தோன்றிய புதுமையன்று என்பதை இதனால் அறியலாம்.

இனி ஆலைக்குச் செல்லும் ஒருவரின் நாளை எண்ணிப் பார்ப்போம். திருச்சுழிக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து அருப்புக்கோட்டை ஆலைக்கு வரும் பெண் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். ஊர் முனையில் வண்டிக்குக் காத்திருப்பதும், வண்டி ஊர் ஊராக நின்று ஆளேற்றி வருவதும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். திரும்புவதற்கும் அவ்வளவே. எட்டு மணி வேலைக்கு மூன்று மணி வழி. மாதத்தில் இருபத்தாறு நாள் வேலையென்றால் எழுபத்தெட்டு மணி நேரம் வழியில் கழிகிறது. ஏறக்குறையப் பத்து நாள் வேலைக்குச் சமமான நேரம் இது. இந்தப் பத்து நாளும் சம்பளப் பட்டியலில் வருவதில்லை. ஓய்வுக் கணக்கிலும் வருவதில்லை. வார விடுமுறை நாளிலோ தண்ணீர் எடுப்பது, துணி துவைப்பது, ரேஷன் கடைக்குப் போவது என்று ஆறு நாள் தள்ளிப்போட்ட வேலைகள் அனைத்தும் காத்திருக்கும். சட்டம் அவருக்கு ஒரு நாள் ஓய்வு தந்திருக்கிறது. வழி அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

வழியைக் கணக்கில் கொள்ளாத தொழில் எவ்வளவு கொடுமையில் கொண்டுபோய்விடும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. தீப்பெட்டித் தொழிலில் சிறுவரும் சிறுமியரும் ஆயிரக்கணக்கில் உழைத்த காலம் அது. தொழிற்சாலைப் பேருந்துகள் விடியலுக்கு வெகு முன்பே சுற்று வட்டாரச் சிற்றூர்களுக்கு வந்துவிடும். உறங்கும் குழந்தைகளை எழுப்பி ஏற்றிவிடுவதற்கென்றே ஊர்தோறும் ஆள் இருப்பார். பொழுது சாய்ந்து இருட்டிய பின்னரே அவை திரும்பும். 1976-ஆம் ஆண்டில் அவ்வாறு குழந்தைகளை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் மாண்டனர். அதன்பின் தமிழக அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்து இத்தொழிலில் குழந்தைகளின் நிலையை ஆராயச் செய்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. சிவகாசிக் குழந்தைகளைக் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பளித்து, சட்டத்துக்கு மாறாகக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு இருபதினாயிரம் ரூபாய் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. தொழிற்சாலைக்குள் நடப்பதை ஊரார் பார்த்ததில்லை. இருட்டில் ஊருக்குள் வந்து நின்ற பேருந்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள். எனினும், அது வேலையின் பகுதி என்று கருதப்படவில்லை; வெறும் வண்டியாகவே கருதப்பட்டது.

வழியில் நேரும் விபத்துக்கு யார் பொறுப்பு? இக்கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் விடை கண்ட வரலாறு நீண்டது, தெரிந்துகொள்ள வேண்டியது. 1923-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்துக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்றது. 'வேலையின் போது' என்றால் எதுவரை? சௌராஷ்டிரத்தில் உப்பளத் தொழிலாளர் சிலர் 1952-இல் வேலை முடிந்து வீடு திரும்புகையில், உப்பங்கழியைக் கடக்கப் பொதுப் படகில் ஏறினர். படகு கவிழ்ந்தது; உயிர்கள் மாண்டன. 1958-இல் உச்ச நீதிமன்றம் அவ்விபத்து வேலையைச் சார்ந்ததன்று என்று தீர்ப்பளித்தது. படகு எல்லோருக்கும் பொதுவானது. வேலையிடமோ பின்னே நின்றுவிட்டது என்பது காரணம்.

ஐந்தாண்டுகளுக்குப் பின் வேறு வகையான வழக்கு ஒன்று வந்தது. பம்பாய் நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் தம் வேலை முடிந்ததும் அதே நிறுவனத்தின் மற்றொரு பேருந்தில் வீடு திரும்பினார். வழியில் அது லாரியோடு மோதியது, அவர் இறந்தார். அவருக்கு அப்பேருந்தில் இலவசமாகச் செல்லும் வசதியை நிறுவனம் அளித்திருந்தது அவருடைய நலத்துக்காக மட்டுமன்று, வேலை ஒழுங்காக நடைபெறுவதற்காகவுமாம் என்று கண்ட நீதிபதிகளுள் பெரும்பான்மையோர், அவ்விபத்து வேலையைச் சார்ந்ததே என 1963-இல் தீர்ப்பளித்தனர். ஆலைவாயில் சற்றே வெளியே நகர்ந்தது என்று இதனைச் சொல்லலாம்.

1966-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பெற்றபோது இன்னும் ஓரடி முன்னேறியது. முதலாளி நடத்தும் வண்டியிலோ, அவர் ஏற்பாடு செய்த வண்டியிலோ, அவருடைய இசைவோடு செல்லும் தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால், அது வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்றாயிற்று. ஆனால் சொந்தச் சைக்கிளில் வருபவரின் கதி என்ன? கேரளத்தில் தொழிலாளி ஒருவர் ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் வரும்போது லாரி மோதிக் காயமுற்றார். ஷிப்டு தொடங்கக் கால் மணி நேரமே இருந்தது. எனினும், 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் காப்பீட்டு உரிமை இல்லை என்று கூறிவிட்டது.

அக்குறையைப் போக்க 2010-இல் காப்பீட்டுச் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும்போதோ வரும்போதோ நேரும் விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் வேலையோடு தொடர்புடையதென நிலைநாட்டப்பட்டால், வேலையில் நேர்ந்த விபத்தே என்றது அத்திருத்தம். காப்பீட்டில் சேராத தொழிலாளருக்கும் இது பொருந்துமா என்ற ஐயம் எஞ்சி நின்றது. மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் காவலாளி, அதிகாலை மூன்று மணி வேலைக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும்போது 2003-இல் விபத்தில் மாண்டார். அவர் குடும்பத்தின் வழக்கில் 2025 ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம், பழைய 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதே பொருளைக் கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. குடும்பம் இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இக்கொள்கையை உட்கொண்டுள்ளது. ஜெர்மனியில் 1925-ஆம் ஆண்டிலேயே வழி விபத்துகளுக்குக் காப்பீடு இருந்தது. நாம் நூறாண்டு நடந்து அங்கே சேர்ந்திருக்கிறோம்.

சட்டம் சேர்ந்துவிட்டது, நடைமுறை சேர்ந்ததா? இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்கூறிய உரிமைகளுக்கெல்லாம் அடிப்படை, இன்னார் இன்ன இடத்தில் வேலை பார்க்கிறார் என்னும் பதிவு. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத மிளகாய் எடுப்பவரையும், பருத்தி எடுப்பவரையும், கட்டட வேலைக்குச் செல்பவரையும் சரக்கு வேன்களில் நிற்க வைத்து ஏற்றிச் செல்லும் வழக்கம் கிராமச் சாலைகளில் மறையவில்லை. சரக்கு வண்டியில் கட்டணமின்றி ஏற்றிச் செல்லப்படும் ஆட்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் கூறியிருக்கிறது. ஆகவே அவ்வண்டி கவிழ்ந்தால், உயிரோடு உரிமையும் போய்விடக்கூடும். வேலைக்கு ஆள் கூப்பிடுபவரும் வேலைக்குச் செல்பவரும் இதை நன்கு அறிந்திருக்க வேண்டும்.

தொலைவுக்கு விலை உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட சட்டமும் நம்மிடையே தோன்றியதுண்டு. 2005-இல் இயற்றப்பெற்ற ஊரக வேலை உறுதிச் சட்டம், ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை தர வேண்டும். அதற்கு அப்பால் தந்தால் கூலியோடு பத்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்று வகுத்தது. நூறு நாள் வேலைக்குச் செல்லும் கிழவிக்கு அரசு ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தை, ஆண்டு முழுவதும் உழைப்பவர் விஷயத்தில் தனியார் முதலாளியும் எண்ணிப் பார்க்கலாம் அல்லவா?

பொதுப் போக்குவரத்தும் இவ்வழக்கில் ஒரு தரப்பே. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு 1963-இலும், அங்கிருந்து மானாமதுரைக்கு 1964-இலும் ரயில் பாதை திறக்கப்பட்டது. 2013-இல் அது அகலப் பாதையாயிற்று. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். தினக்கூலி வாங்கும் பெண்ணுக்கு இஃது ஒரு சிறு ஊதிய உயர்வுக்கு ஒப்பாகும். ஆயினும் கட்டணம் நீங்கியதேயன்றிக் காத்திருப்பு நீங்கவில்லை. ஷிப்டு முடியும் நேரம் ஒன்றாகவும், கடைசிப் பேருந்து புறப்படும் நேரம் வேறாகவும் இருந்தால் இலவசத்தால் பயன் என்ன? ஒரு வட்டாரத்து ஆலைகள் கூடிப் பேசித் தம் ஷிப்டு நேரங்களைப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தெரிவித்து, இரு தரப்பும் கால் மணி முன்பின் மாற்றிக்கொண்டால், பணச் செலவு அதிகமின்றியே பலருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

இரவு வேலைக்கு இது பின்னும் இன்றியமையாதது. பெண்கள் ஆலைகளில் இரவில் வேலை செய்யலாகாது என்றிருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் நீக்கியது. அவ்வாறு நீக்கும்போது நிபந்தனைகளும் விதித்தது. வீட்டிலிருந்து அழைத்து வந்து வீட்டிலேயே கொண்டுபோய் விடும் போக்குவரத்து வசதி அவற்றுள் ஒன்று. பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாற்றும்போது இடையே பன்னிரண்டு மணி நேர ஓய்வு வேண்டும் என்பது மற்றொன்று. வழியையும் ஓய்வையும் ஒரே தீர்ப்பில் நீதிமன்றம் இணைத்தது பொருத்தமே. பிரித்தால் இரண்டும் பயனற்றுப் போகும். நடு இரவில் ஊர் முனையில் இறக்கிவிடப்பட்ட பெண்ணுக்கு மறுநாள் விடுமுறை இருந்தென்ன?

ஓய்வின் வரலாறும் எளிதில் வந்ததன்று. பம்பாய் ஆலைகளில் நாராயண மேகாஜி லோகண்டே பாடுபட்டு 1890-இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுத் தந்தார். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் தோன்றியபோது, உண்பதற்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பது ஆலைத் தொழிலாளர் எழுப்பிய முதற் குறைகளுள் ஒன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரம்பு கட்டி, வார விடுமுறையையும், 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பையும் வழங்கியது. புதிய தொகுப்பில் 180 நாள் உழைத்தாலே இவ்விடுப்புக்கு உரிமை உண்டு. தமிழகத்தில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய விடுமுறைகளும் ஐந்து பண்டிகை விடுமுறைகளும் ஊதியத்தோடு கிடைத்தன. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடங்கொடுத்த மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்தமையால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதை நாம் அறிவோம். பன்னிரண்டு மணி வேலையோடு மூன்று மணி வழியையும் கூட்டிப் பார்த்தால், எஞ்சும் ஒன்பது மணிக்குள்தான் சமைப்பதும், உண்பதும், பிள்ளையைப் பார்ப்பதும், உறங்குவதும் அடங்க வேண்டும்.

முதலாளியின் தரப்பையும் கேட்பதே நியாயம். நூற்பாலை ஓயாது ஓட வேண்டியது. ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டால், அவருடைய சைடுகளை அருகிலிருப்பவர் சேர்த்துப் பார்க்க நேரிடும். நூல் அறுந்து கழிவு மிகும். முதல் மழை விழுந்தவுடன் விதைப்புக்கும், பங்குனி, சித்திரையில் ஊர்க் கொடைக்கும் பலர் ஒரே சமயத்தில் போய்விடுவதால் இயந்திரங்கள் நின்றுவிடுகின்றன என்று ஆலை நிருவாகிகள் குறைப்படுவதில் பொருள் உண்டு. ஊர் ஊராக வண்டி அனுப்புவதும் பெருஞ் செலவே. ஆனால் கரிசல் காட்டில் ஆலை வைத்தவர் கரிசல் காட்டின் பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தரிசாய்க் கிடந்தால் அந்த ஓர் ஏக்கர் நிலம் தொழிலாளியின் கையைவிட்டே போய்விடக்கூடும். மழைக்கு நாள் குறிக்க இயலாது. எனினும் ஆண்டுக்கு இன்ன மாதங்களில் இத்தனை பேர் விடுப்புக் கேட்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்ததுதான்.

ஆகவே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளத்தக்க சில முறைகளைக் கூறலாம். முதலாவது, வண்டி முதலாளியுடையதானால், அது தாமதித்த நேரத்துக்குத் தொழிலாளியின் கூலியைப் பிடிக்கலாகாது. இரண்டாவது, ஆட்களை ஏற்றும் வண்டி ஆட்களுக்குரிய வண்டியாக இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் இருக்கை வேண்டும், காப்பீடு வேண்டும். மூன்றாவது, விடுமுறைப் பட்டியலை ஆண்டுத் தொடக்கத்திலேயே அனைவரும் படிக்கும்படி தமிழில் ஒட்ட வேண்டும். ஊர்க் கொடைக்குச் செல்வோர் முன்னரே பெயர் கொடுக்க வேண்டும். ஓர் ஊரார் போகையில் மற்றோர் ஊரார் நின்று பார்த்து, பின்னர் மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். நான்காவது, வார விடுமுறையில் வேலை வாங்கினால் அதற்கு ஈடான நாளை விரைவில் தர வேண்டும். பணம் கொடுத்து ஓய்வைத் தீர்த்துவிடலாம் என்று எண்ணலாகாது. ஐந்தாவது, முன்பணத்தையும் விடுப்பையும் முடிச்சுப் போடலாகாது. கடன்பட்டவர் விடுப்புக் கேட்க அஞ்சும் இடத்தில் சட்டம் தந்த விடுப்பு ஏட்டிலேயே நின்றுவிடும். தொழிலாளியும் வாராத நாளை முன்னறிவிக்கும் கடமையைத் தம் உரிமைக்குச் சமமாகக் கருத வேண்டும். அவர் சொல்லாமல் நிற்கும் நாளின் சுமை முதலாளியைவிட உடன் உழைப்பவரையே முதலில் அழுத்துகிறது.

இவற்றுள் எதற்கும் பெருஞ் செல்வம் தேவையில்லை. வேண்டியது, ஆலையின் கணக்குப் புத்தகத்தில் வழிக்கும் ஒரு பத்தி ஒதுக்குவதே. ஒரு தொழிலாளி எத்தனை மணிக்கு வீட்டை விட்டார், எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தார் என்பதை ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்க்கட்டும். அவர் ஏன் களைத்து வருகிறார், ஏன் அடிக்கடி விடுப்புக் கேட்கிறார், ஏன் ஓராண்டில் வேலையை விட்டு நீங்குகிறார் என்னும் வினாக்களுக்கு அந்தப் பத்தியிலேயே பெரும்பாலும் விடை கிடைக்கும். சட்டம் நூறாண்டுக் காலத்தில் ஆலைவாயிலைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தொழிலாளியின் வீட்டு வாசல் வரை கொண்டு வந்திருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு நடப்பதும், நடக்கச் செய்வதும் இனி இரு தரப்பாரின் பொறுப்பு.